நிழலில் உறங்கும் கடிகாரம்

காலை ஓட்டத்துக்குப் பிரகாசி இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் கட்டிக்கொண்டு கிளம்புவாள். இடது கையில் இருப்பது பரிசோதனைக்கு வந்தது. வலது கையில் இருப்பது, அதன் கணக்கு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகருவி. தூத்துக்குடியில் விடிந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் இப்போதெல்லாம் ஓட முடியும். வெயில் ஏறியதும் கடற்கரைச் சாலையில் சங்கு ஊதும். அதற்குப் பிறகும் வெட்டவெளியில் ஓடினால் தலைக்கு மேல் ட்ரோன் வந்து நின்று, வீட்டுக்குப் போகச் சொல்லி அதட்டும்.

ஒரு காலத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் மாநிலத்துக்காக ஓடியவள் பிரகாசி. வெயில் அந்தப் போட்டிகளையெல்லாம் விழுங்கிய பிறகு அணிகருவித் தர மன்றத்தில் பரிசோதகராகச் சேர்ந்தாள். உடம்பில் கட்டிக்கொள்ளும் எந்தக் கருவியும் அவளைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். இந்த முறை வந்திருந்தது ‘கதிரோன்’. ஓட்டக்காரர்களுக்கென்று செய்த, சூரிய ஒளியில் ஓடும் முள்ளெண் கடிகாரம். நேரம் காட்ட முட்கள், மற்றதைக் காட்ட அடியில் ஓர் எண்திரை.

அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சார்ஜர் வேண்டாம், பேட்டரி மாற்ற வேண்டாம். கையில் இருப்பதே தெரியாத எடை. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள், பாறையில் மோதினாள், கண்ணாடியில் கீறல் விழவில்லை. மற்றக் கடிகாரங்களின் திரை கண்கூசும் வெயிலில் வெளுத்துப்போகும். இதன் திரையோ வெயில் ஏற ஏறத் துலக்கமானது. குறைகளும் இருந்தன. வியர்த்த விரலுக்குப் பொத்தான்கள் வழுக்கின. பட்டையின் அடியில் தோல் வெந்தது. முட்கள் இரண்டும் கீழே இறங்கும் வேளையில் எண்திரையை மறைத்துக்கொண்டன. இதையெல்லாம் அவள் அறிக்கையில் எழுதியிருந்தாள்.

வெறும் ஓட்டக் கடிகாரம் என்றால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கதிரோனை மணிக்கட்டுச் சட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உடலுழைப்பு வேலை செய்யும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிகாரம் இருக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். நாடித்துடிப்பையும் தோலின் சூட்டையும் வைத்து அது ‘வெப்பச் சுமை’யைக் கணக்கிடும். சுமை எல்லையைத் தொட்டதும் திரை சிவக்கும். சிவந்துவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் வேலை வாங்க முடியாது. அதற்கு ‘நிழல் உரிமை’ என்று பெயர். வெயிலில் சுருண்டு விழுந்து செத்த ஆயிரமாயிரம் பேருக்குப் பிறகு கிடைத்த உரிமை அது. பிரகாசியின் கையெழுத்து விழுந்தால் மாநிலம் முழுக்கக் கதிரோன் வந்துவிடும். முன்னோட்டமாக ஓர் உப்பு நிறுவனத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். அவள் தங்கை சலேத் அங்கேதான் மூட்டை பிடிக்கும் கிடங்கில், ஊர்வழக்கில் கிட்டங்கியில், வேலை பார்த்தாள்.

ஒருநாள் மதியம் சலேத் கிட்டங்கிக்குள் விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது.

பிரகாசி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தங்கையை ஐஸ் நிரப்பிய தொட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது. வாசலில் நின்ற நிறுவன மேலாளர் தன் போன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“பாருங்க மேடம். உங்க தங்கச்சி கடிகாரம் காலையில இருந்து ‘ஓய்வு’ன்னுதான் காட்டுது. அவங்க வேலையே செய்யல. ஓய்வுல இருக்கும்போது மயங்கினா நிறுவனம் பொறுப்பில்ல.”

“ஓய்வுல இருந்தவ கையில எப்படிய்யா உப்பு அறுத்த புண்ணு?” என்று கேட்டாள் பிரகாசி. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் கதிரோனைக் கட்டிக்கொண்டு அந்தக் கிட்டங்கிக்குள் போனாள். தகரக் கூரை, ஜன்னல் இல்லை. உப்பு ஈரம் இழுக்கக் கூடாதென்று கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே சூடு அடுப்படிபோல் முகத்தில் அறைந்தது. பெண்களோடு சேர்ந்து மூட்டை தூக்கினாள். சட்டை நனைந்து, நெஞ்சு படபடத்து, காதுக்குள் இரைச்சல் கேட்கத் தொடங்கியபோது மணிக்கட்டைப் பார்த்தாள். முட்கள் பன்னிரண்டில் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. திரையில் ஒரே ஒரு சொல்: ஓய்வு. வலது கையில் அளவுகருவி அலறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெளிச்சம் இல்லாவிட்டால் கதிரோன் மின்சாரத்தைச் சேமிக்க உறங்கப் போகிறது. நாடியைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்ப்பதில்லை. வெயில் இல்லாத இடம் நிழல், நிழலில் இருப்பவர் ஓய்வெடுக்கிறார் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கடற்கரையில் ஓடுகிறவனுக்கு அது பொருந்தும். செங்கல் சூளைக்குள்ளும் கொதிகலன் அறையிலும் தகரக் கூரையடியிலும் வேகிறவர்களுக்கு?

மன்றத் தலைவர் திரவியத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள். கதிரோன் நிறுவனத்தின் பொறியாளர் நிகிலேஷும் அங்கே உட்கார்ந்திருந்தான்.

“சார், நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“உட்காரும்மா,” என்றார் திரவியம். “தங்கச்சிக்கு இப்படி ஆனதுல மனசு சரியில்லாம இருப்ப. நல்ல கடிகாரம்னு நீயேதான் எழுதியிருக்க.”

“ஓடுறவங்களுக்கு நல்ல கடிகாரம். கிட்டங்கியில அது எமன்.”

நிகிலேஷ் பொறுமையாக விளக்கினான். “மேடம், அது குறை இல்ல. சேமிப்பு முறை. சூரிய ஒளியை நம்புற எந்தக் கருவியும் இருட்டுல உறங்கத்தான் செய்யும். பெரிய பேட்டரி வச்சா எடை கூடும், விலை கூடும். வேணும்னா அறிக்கையோட கடைசியில ஒரு குறிப்பாப் போட்டுக்கலாம்.”

“கடிகாரம் உறங்குதுன்னா, அதைக் கட்டியிருக்கிறவளும் உறங்குறாளா?” அவள் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. “முள்ளு திரையை மறைக்குதுன்னு எழுதினேனே, அது குறை. பொத்தான் வழுக்குதுன்னு எழுதினேனே, அதுவும் குறை. ஆளைச் சாகவிட்டுட்டு ‘ஓய்வு’ன்னு சாட்சி சொல்லுதே, அது குறை இல்ல, பொய் சாட்சி! அதுக்கு உங்க ஊர்ல சேமிப்பு முறைன்னு பேரா?”

தன் கையிலிருந்த கதிரோனைக் கழற்றி நிகிலேஷின் முன்னால் வைத்தாள்.

“கட்டிக்கிட்டு வாங்க. கொஞ்ச நேரம் மூட்டை தூக்குங்க. அப்புறமும் குறிப்புப் போதும்னு சொன்னா நான் கையெழுத்துப் போடுறேன்.”

அவன் வந்தான். அதை மட்டும் அவள் மறுக்கமாட்டாள், தைரியமாகத்தான் வந்தான். மன்ற உறுப்பினர்களும் வந்து கிட்டங்கி வாசலில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி நின்றார்கள். கொஞ்ச நேரத்திலேயே நிகிலேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவன் கையைப் பிரகாசி தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். ஓய்வு.

அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் காருக்குள் கிடத்தினார்கள். மூட்டை பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, “அவருக்கு மட்டும் ஏசி காரா?” என்று கேட்டாள்.

அறிக்கையின் முதல் வரியாகவே அந்தக் குறையை எழுதினாள் பிரகாசி. திருத்தும்வரை அனுமதி இல்லை என்று முடித்தாள். திரவியம் ஒரு சொல்லையும் மாற்றாமல் மேலே அனுப்பினார். ஊரில் அவளைப் பாராட்டினார்கள். சலேத் மெல்ல மெல்லத் தேறினாள். பேச்சு மட்டும் கொஞ்சம் குழறியது. வேறு வழியில்லாமல் திரும்ப அதே கிட்டங்கிக்குத்தான் போனாள். அதற்குள் கதிரோன் திருத்தப்பட்டுவிட்டதாக ஆணை வந்தது. வேறொருவர் கையெழுத்தில் மாநிலமெங்கும் வந்தது. என்ன திருத்தம் என்று கேட்டால் கோப்பு மேலே இருக்கிறது என்றார்கள்.

கோடை உச்சத்தில் ஒருநாள், தங்கையைப் பார்க்கப் பிரகாசி கிட்டங்கிக்குப் போனாள்.

சங்கு ஊதி வெகுநேரம் ஆகியிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஆனால் கிட்டங்கி முற்றத்தில், உச்சி வெயிலில், பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லார் இடது கையும் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தது. தலைக்கு மேல் ட்ரோன் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அது யாரையும் அதட்டவில்லை.

“என்னட்டி இது?” என்று ஓடிப்போய்க் கேட்டாள்.

சலேத் உலர்ந்த உதட்டை நாக்கால் தடவினாள். “ஒளியூட்டுற நேரம்க்கா. மணிக்கொரு தடவை வெளிய வந்து வாட்ச்சுக்கு வெயில் காட்டணும். அப்பதான் உள்ள போனா உறங்காதாம். நீ எழுதினதைத் திருத்திட்டாங்கல்லா?”

“வெயில்ல ஆளை நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கே!”

“வேலை வாங்கத்தான் கூடாது. இது வேலை இல்லையாம். எங்க ஓய்வு நேரத்துல கழிச்சிக்கிடுறாங்க.”

பிரகாசிக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. “கழட்டி எறி அதை!” என்று தங்கையின் மணிக்கட்டைப் பற்றினாள். சலேத் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“கழட்டினா கிட்டங்கிக் கதவு திறக்காதுக்கா. நாளைக்கு வேலையும் இருக்காது. நீ வந்து மூட்டை பிடிப்பியா?”

காவலாளியின் கூண்டுக்குள் ஒரு கறுப்புக் குடை சாய்ந்திருந்தது. பிரகாசி யாரையும் கேட்காமல் அதை எடுத்து வந்து, விரித்து, தங்கையின் தலைக்கு மேல் பிடித்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் மேலும் அந்த வட்ட நிழல் விழுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம், மூன்று பேரும் கண்ணை மூடினார்கள்.

பிறகு சலேத், குழறிய நாக்கோடு, கெஞ்சினாள்.

“குடையை எடுத்திரு அக்கா. வாட்ச் மேல நிழல் விழுது.”