நான்காம் வளைவு

காலை ஆறரை மணிக்கு மருதாற்றுப் பாலத்தின் வடக்கு வாசலில் வழக்கம்போல வரிசை நின்றது. சந்தைக்குப் போகிறவர்களும் ஆசிரியைகளும் சுற்றுலா வந்தவர்களும் ஆளுக்கொரு வெள்ளைக் குளிசையை விழுங்கிவிட்டு, அது வேலைசெய்யும்வரை கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பல் விளக்குவதைப் போல அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது.

பத்மலோஜினி அந்த வரிசைக்கு அன்றுதான் முதல்முறையாக வந்தாள். தென்கரை ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவள் தாதி. பாலம் திரும்பக் கட்டப்பட்ட எட்டு வருடங்களும் கீழே இறங்குதுறைக்கு நடந்துபோய்ப் படகில்தான் வேலைக்குப் போனாள். படகை நேற்றோடு நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் சினமானி நின்றது. முகத்தின் சூட்டையும் இதயத் துடிப்பையும் கண்மணியையும் படித்து, கோபத்துக்கு ஓர் எண் தரும் கருவி. முப்பதுக்கு மேல் போனால் கம்பிக்கதவு திறக்காது; குளிசைதான் அந்த எண்ணை இறக்கும். கோபத்தால் உடைந்த பாலத்தில் இனிக் கோபம் ஏறக்கூடாது என்பது இணக்கச் சட்டத்தின் முதல் வரி.

அவளுக்கு அறுபத்தெட்டு என்று காட்டியது.

வாசல் அலுவலர் வாகீசன் எழுந்து வந்தான். அவளுடைய அண்ணன் கேதீசின் பள்ளித் தோழன். பாலத்தில் குண்டு விழுந்த அன்று கேதீசோடு நின்று சனத்தை அக்கரைக்கு அனுப்பியவன். அவன் திரும்பி வந்தான், கேதீஸ் வரவில்லை.

"ஒரு குளிசைதானே லோஜி. போட்டிட்டுப் போ."

"எனக்குக் கோபம் இருக்கு வாகீசண்ணை. அதை ஏன் நான் விழுங்கவேணும்?"

"சட்டம் அப்பிடி. கோபத்தாலதானே எல்லாம் நடந்தது."

"கோபம் குண்டு போடேல்லை. பிளேன் போட்டது. அதை ஓட்டினவனுக்குக் கோபமே இருந்திருக்காது. உங்கட மெசின் அவனுக்கு உடன கதவு திறந்திருக்கும்."

எண் எழுபத்தைந்துக்கு ஏறியது. வரிசையில் நின்றவர்கள் அவளை எரிச்சலில்லாமல் பார்த்தார்கள். எரிச்சல்பட அவர்களால் முடியாது.

ஏழரைக்கு ஒரு நோயாளியின் வயிற்றைத் திறக்க இருந்தது. கூடத்தில் அன்று அவளை விட்டால் வேறு தாதி இல்லை. அவள் கையை நீட்டினாள். வாகீசன் ஒரு குளிசையை வைத்தான்.

இருபது நிமிடத்தில் கதவு திறந்தது.

பாலம் அழகாக இருந்தது. ஏழு கல் வளைவுகளையும் பழைய படங்களைப் பார்த்து அச்சொட்டாகச் செதுக்கியிருந்தார்கள். நான்காம் வளைவில் ஒரு கல்வெட்டு: 'போரின்போது இப்பாலம் சேதமடைந்தது. இன்று மீண்டும் எழுந்து நிற்கிறது.' எழுத்துகள் சீராக வெட்டப்பட்டிருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. வெளிநாட்டுத் தம்பதி ஒன்று படம் எடுத்துத் தரும்படி கேட்டது. எடுத்துக் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ" என்று சிரித்தபடி சொன்னாள்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது குளிசையின் பிடி விட்டது. அண்ணன் சிதறிய இடத்தில் நின்று தான் சிரித்தது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. தண்ணீர்க்குழாயை மூட மறந்து நின்றாள். பிறகு கையுறைப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

மாலையில் தெற்கு வாசலுக்கு அவள் போகவில்லை. ஆவணி மாதம், ஆற்றில் இடுப்பளவு தண்ணீர்தான். 'ஆற்றில் இறங்கத் தடை' என்ற பலகையைத் தாண்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான்காம் வளைவின் அடியில் சற்று நின்றாள். பழைய பாலத்தின் கருகிய கற்கள் அங்கே தண்ணீருக்குள் அப்படியே கிடந்தன. மேலே ஒலிபெருக்கி அவளைக் கரையேறச் சொல்லிக்கொண்டிருந்தது.

வடகரையில் வாகீசன் காத்திருந்தான்.

"உன்ர பேரை எழுதிக் குடுக்கவேணும் லோஜி."

"குடுங்கோ. ஆனா ஒண்டு சொல்லிப்போட்டுக் குடுங்கோ. அண்டைக்கு என்ன நடந்தது? இவ்வளவு வருசமும் நான் கேக்கேல்லை."

"பிளேன் சத்தம் கேட்டது. நான் ஓடினன். அவன் நிண்டிட்டான்." மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னான். "நான் ஒரு நாளைக்கு ரெண்டு குளிசை போடுறனான். அவன்ர முகம் ஞாபகம் வரும். ஆனா ஒண்டும் செய்யாது."

கத்துவதற்காக அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தில் யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. குண்டு போட்டவர்களுக்குப் பெயரில்லை. ஓடியவன் தன் ஓட்டத்தை உணரவில்லை. பன்னிரண்டு வருடக் கோபமும் போய்ச் சேர இடமில்லாமல் அவளோடு மட்டும் நின்றது.

"நாளைக்குக் காலமை குளிசை போடாமல் இங்க வாங்கோ," என்றாள். "மனுசனா வந்து சொல்லுங்கோ."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

அவன் வருவான் என்று அவள் நினைக்கவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு ஆற்றங்கரைக்கு வந்தபோது அவன் அங்கே இருந்தான், சீருடை இல்லாமல். கண்கள் வீங்கியிருந்தன.

"அவன் என்னைக் கூப்பிட்டவன் லோஜி," என்றான். "ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு நிண்டவன். 'வாகீசா, ஒரு கை பிடியடா' எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவன். எனக்குக் கேட்டது. நான் திரும்பேல்லை."

லோஜினி அவனை அறைந்தாள். அவன் விலகவில்லை. மறுபடி கை ஓங்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். அவன் மணலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதான். மேலே பாலத்து வாசல் வரிசையில் நின்ற சிலர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் அசையவில்லை.

அவள் அவனைத் தேற்றவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஏழரைக்கு வேலை இருந்தது. சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.