கரட்டில் மிஞ்சிய ஆவாரம் செடி

செல்வப்பிரியாவின் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கு ஓடினாள். சூரியனைப் பார்த்தாள். திரும்ப உள்ளே வந்தாள்.

நாளைக்குப் பொங்கல். இன்று பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் காப்புக் கட்ட வேண்டும். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டினால்தான் காப்பு.

"ஆவாரம்பூவை நான் கொண்டாந்து தர்றேனுங்க" என்று தெருவில் பத்து வீட்டிலும் அவள் சொல்லி வைத்திருந்தாள்.

"பொழுது உழுகறதுக்குள்ள வந்துரோணும் அம்மிணி" என்றாள் அம்மா.

சித்தப்பா மகன் ரமேஷ்குமாரை இழுத்துக்கொண்டு அவள் கரட்டுக்கு ஓடினாள். அது மலையடிவாரத்துப் பாறைச் சரிவு. மண்ணைவிடக் கல்தான் அதிகம். கற்களுக்கு நடுவே புல் கொத்துக் கொத்தாகக் காய்ந்து நின்றது.

"அக்கா, இந்தப் புல்லு என்ற டவுசரத் தைக்குது!" என்று ரமேஷ்குமார் குதித்தான். ஊசிப்புல்லின் முட்கள் துணியெல்லாம் ஒட்டியிருந்தன.

செல்வப்பிரியா சரிவைச் சுற்றிப் பார்த்தாள். போன வருடம் இந்தச் சரிவே மஞ்சளாக இருந்தது. இப்போது ஆவாரம் செடிகள் நின்ற இடத்தில் சின்னச் சின்னக் குழிகள்தான் இருந்தன.

"ஆருக்கா புடுங்குனது?"

அவள் ஒரு குழியருகே குனிந்தாள். "நாமதான்டா. வேரோட புடுங்குனா பொங்கல் முடியற வரைக்கும் வாடாதுன்னு போன வருசம் நாந்தான் எல்லாத்துக்கும் சொன்னேன்."

இருவரும் பாறை பாறையாகத் தேடினார்கள். காற்று விசிறியடித்தது. வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு பாறைப் பிளவுக்குள் ஒரே ஒரு செடி தெரிந்தது. வேர் கல்லுக்குள் போயிருந்ததால் யாராலும் பிடுங்க முடியவில்லை போலும். கிளைகளில் பூ. பூவுக்குக் கீழே தட்டையான காய்ந்த காய்கள்.

ரமேஷ்குமார் தாவி ஒரு கிளையைப் பிடித்தான். "மொத்தமா ஒடிச்சரலாங்க்கா!"

"வேண்டான்டா! ஊட்டுக்கு ஒரு கொத்துப் போதும். மிச்சம் இருக்கறது செடிக்கு."

"செடிக்கு எதுக்குப் பூவு? அதுவும் காப்புக் கட்டுதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்துக் கொத்துகளை மட்டும் நகத்தால் கிள்ளிப் பையில் போட்டாள். அப்போதுதான் காலடியில் இருந்த புல் கொத்து கண்ணில் பட்டது. அதன் நிழலில் விரல் உயரத்தில் ஓர் ஆவாரங்கன்று. அடுத்த கொத்தின் அடியிலும் ஒன்று. வெட்டவெளியில் ஒன்றுகூட இல்லை.

"வெதை புல்லுக்கடியிலதான் பொழைக்குதுடா!"

காய்ந்த காய்களில் பாதியைப் பறித்து உடைத்தார்கள். ஒவ்வொரு குழியாக ஓடாமல், ஒவ்வொரு புல் கொத்தாகப் போய் அதன் அடியில் இரண்டிரண்டு விதை ஊன்றினார்கள்.

"மழ எப்பக்கா வரும்?"

"வர்றப்ப வரட்டும். வெதை காத்திருக்கும். நமக்குத்தான் நேரமில்ல, ஓடு!"

தெருவில் கருப்பாத்தாள் அத்தை முதல் ஆளாக நின்றிருந்தார். "ஏஞ்சாமி, ஒரே ஒரு கொத்தா? பூவு வெலைக்கா வாங்குன?"

"இந்த வருசம் இவ்வளவுதானுங்கத்தை. அடுத்த வருசம் வேரோட ஆரும் புடுங்காதீங்க. போன வருசம் நான் சொன்னது தப்புங்க."

அத்தை கொத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பத்தாவது வீடு ரமேஷ்குமாருடையது. பூவை நீட்டியபோது அவன், "உங்கூட்டுக்குக்கா?" என்றான்.

செல்வப்பிரியா பையைத் துழாவினாள். தெருவையெல்லாம் எண்ணியவள் தன் வீட்டை எண்ணவில்லை! பையில், உடைக்காமல் விட்டுப்போன இரண்டு காய்கள் தொங்கும் சின்னக் குச்சி ஒன்றுதான் கிடந்தது. கரட்டுக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கிவிட்டது.

அம்மா வேப்பிலையும் பூளைப்பூவுமாக ஏணியில் நின்றிருந்தாள். "பூ எங்க அம்மிணி?"

செல்வப்பிரியா குச்சியை நீட்டினாள். குழிகளில் தொடங்கி விதைகள்வரை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "பூ இல்லீங்கம்மா. ஆனா இதுக்குள்ள வெதை இருக்குது. சாமி கோவிச்சுக்குமா?"

அம்மா குச்சியைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே விதைகள் கலகலத்தன.

"அப்ப இது கீழ உழுந்தரக் கூடாது" என்று சொல்லி, குச்சியை வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் கட்டி, அந்த முடிச்சுக்கு மேலே இன்னொரு முடிச்சுப் போட்டாள்.