பூஜ்யம் போட்டவர் யார்?

துப்பறிபவருக்குப் பட்டப்பெயர் 'நிதானம்'. அவருடைய மச்சினனிடம் அந்தச் சரக்கு மருந்துக்கும் கிடையாது. வந்த பெண் உட்காருவதற்குள், "யார் மேல சந்தேகம்?" என்று கேட்டுவிட்டான்.

"எங்க சீனியர் மேலதான். சாயங்காலம் புகார் கொடுக்கப் போறேன்."

ட்ரோன் எடுத்த படங்களைக் கணினியில் ஒட்டி, அணைச்சுவரின் முப்பரிமாண உருவம் செய்வது அவள் வேலை. ஒரே விரிசல் இரண்டு படங்களில் தெரிந்தால் மென்பொருள் அங்கே ஓர் இணைப்புப் புள்ளி வைக்கும். ஒரு படத்துக்கு நாலாயிரம் புள்ளி என்று வரம்பு வைத்துவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து ஓட்டினால் வேலை ஆமையாக நகர்ந்தது. பார்த்தால், வரம்பு பூஜ்யம்.

"சரிபண்ணி மறுபடி ஓட விட்டிருக்கேன். இன்னிக்கு முடிஞ்சா அடுத்த அணை வேலையும் எனக்கும் சீனியருக்கும்தான். ரெண்டு வருஷம் வெளியூர்."

"நீங்க இல்லாதப்ப உள்ள யாரு?"

"சீனியர். அப்புறம், மழை வரும்னு குடை கொடுக்க வந்த என் வீட்டுக்காரர்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"சீனியருக்கு வயித்தெரிச்சல், மாமா. வேற யாரு?" என்றான் மச்சினன்.

நிதானம் எழுந்தார். அவளோடு அலுவலகத்துக்குப் போய், சீனியரையும் அவள் கணவனையும் உட்கார வைத்தார். "இந்த வேலையைக் கெடுக்கணும்னா எந்த நம்பர் போடுவீங்க?"

"நூறு போதும். படம் ஒழுங்கா ஒட்டாது," என்றார் சீனியர்.

அவரை மட்டம் தட்டும் ஆசை கணவனுக்கு. "எதுக்கு நூறு? பூஜ்யம் போட்டா ஒரு புள்ளிகூட வராதே."

"வரும்," என்றார் நிதானம். "இதுல பூஜ்யம்னா வரம்பே இல்லைன்னு அர்த்தம். கிடைச்ச புள்ளியெல்லாம் அள்ளும். வேலை இழுக்குமே தவிர கெடாது. தெரிஞ்சவர் கெடுக்கறதுக்குப் பூஜ்யம் போட மாட்டார். அதுவும் போக, இந்த வெயில்ல மழைக்குன்னு குடை எதுக்குங்க?"

கணவன் மனைவி பக்கம் திரும்பித் தலை குனிந்தான். "வீட்லயும் சீனியர் பேச்சுதான். எனக்கும் சொல்லிக் கொடுன்னு கேட்டேன். உங்களுக்கெதுக்குன்னு சிரிச்சே. ரெண்டு வருஷம்னதும் தாங்கல. பொறாமைதான், ஒத்துக்கறேன்."

அவள் எழுதி வைத்திருந்த புகாரைக் கிழித்தாள். "தப்பு என் மேலயும்தான். இனிமே சொல்லித் தரேன்."

அவன் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கணினி மணி அடித்தது. திரையில் முழுச்சுவரும் விரிசலோடு எழுந்து நின்றது.

"சீனியர், வந்திருச்சு. இங்க வந்து பாருங்களேன்," என்றாள் அவள்.

கணவன் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.