விளம்பர இடைவேளை

அன்று அம்மா, "சாப்ட்டியாட்டி?" என்று கேட்கவில்லை. வீடியோ காலை எடுத்ததும் கைபேசி நேராக டிவியைப் பார்த்து நின்றுவிட்டது.

நார்வேயில் கேரவன் வண்டியில் ஊர்சுற்றும் சிவரஞ்சனிக்குத் தமிழ் சீரியல் பார்க்க வேறு வழியில்லை. அங்கே ஆப் வேலை செய்யாது. ராஜபாளையத்தில் தனியாக இருக்கும் அம்மா செல்வலட்சுமிதான் பவுடர் டப்பாவில் கைபேசியைச் சாய்த்து டிவியைக் காட்டுவாள். இவர்கள் நார்வே கிளம்பும்போது, தன்னையும் கூட்டிப்போகச் சொன்னாள் அம்மா. குளிர் தாங்காது என்று இவள் மழுப்பிவிட்டாள்.

கணவன் சுப்புராஜ் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். பிற்பகலிலேயே கும்மிருட்டு, பனிக்காற்று வண்டித் தகரத்தை உரசிக்கொண்டிருக்க, ரசத்தின் ஆவி கண்ணாடியெல்லாம் படிந்திருக்க, சீரியல் அழுகைக்குப் பின்னால் அம்மா வீட்டு மின்விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்டது. விளம்பரத்துக்கு முன் டிவி ஒரு கணம் கறுத்தது. அதில், கைபேசி வெளிச்சத்தில், எதிர்ச் சோபாவும் அதில் அம்மாவும் மங்கலாகத் தெரிந்தார்கள். விளக்கே போடவில்லை. தாடையைச் சேர்த்துத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தாள்.

பல்வலி போலிருக்கிறது. பாவமாக இருந்தது சிவரஞ்சனிக்கு.

"கோவமாம்மா? சரி, இப்பவே கெளம்பி வா. டிக்கெட் போடச் சொல்றேன்."

வாயைத் திறக்காமல் பேசுவதுபோல் பதில் வந்தது. "செத்த நேரம் இரு. வாரேன்."

அப்பாடா என்றிருந்தது. சுப்புராஜ் விட்டுப்போன போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தம்பி சிவபாண்டி. அம்மா காலையில் அவன் வீட்டுக்கு வந்தாளாம். மதியம் நெஞ்சுவலி என்றாளாம். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"என்னலே சொல்லுத? அம்மா இப்ப என்கூட வீடியோ கால்ல இருக்கா."

அவன் அழுகை நின்றது.

"அக்கா, அவ செல்போன வீட்லயே வச்சுட்டு வந்துட்டா. வீட்டுச் சாவி என் கையிலதான் இருக்கு. அம்மாவ இங்கன கூடத்துல கெடத்திருக்கோம். வாயக் கட்டி, கால் பெருவிரலச் சேத்துக் கட்டி…"

டிவி மறுபடி கறுத்தது.

சோபா காலி.

வெளியே பனியில் ஒரு சத்தம். தொப். சுப்புராஜின் நடை இல்லை. இரண்டு பாதமும் சேர்ந்து விழுகிற சத்தம்.

தொப்.

படிக்கட்டில். தொப்.

ஆவி படிந்த கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் துணியின் முடிச்சு. அதன் கீழே மூடிய வாய்.

"ஏட்டி, சாப்ட்டியா?"