இரண்டு இடத்தில் இருந்த கறித்தட்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் ஊரில் சூடம் கிடைக்காது. அதனால் பார்பிக்யூ கரியைப் பற்றவைத்து, வெறுங்கையால் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். கொப்புளம் இன்னும் இருக்கிறது; சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலமும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் ஒரே தெருவை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டிருக்கும் கடற்கரை ஊர் அது. புத்தாண்டு பிறந்தால் ஒரு பக்கம் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்துபோய் இன்னொரு தடவை கொடுத்துவிட்டு வரலாம். வடக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் கடைக்குட்டி வளாகம்; அதன் தலைமை வளாகம் பிரிஸ்பேனில். தெற்குப் பக்கம் பௌல்ஸ் கிளப், புல்தரையில் பந்துருட்டி ஆடிவிட்டுச் சாப்பிடவும் குடிக்கவும் கூடுகிற இடம். எங்கள் பக்கம் கோடை தொடங்குகிற அந்த நவம்பரில் வளாகத்தின் ஏசி செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெக்கை தாங்காமல் குப்பைத்தொட்டியைக் கிளறித் தின்னும் நாரைகள் நூலகத்துக்குள் வந்து உட்கார்ந்தன. அவை புத்தகங்களைக்கூட எடுத்துப் போனதாகச் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்தது ஒரு நாரையை மட்டும்தான், அது எடுத்ததும் மெல்லிய புத்தகம்தான்.

வளாகத்தின் பின்மூலையில் மாணவர் ஆதரவு அலுவலகம். பல்கலைக்கழகம் ஒரு மாணவர் மேல் பாயும்போது அந்த மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடுவதுதான் அதன் வேலை. சம்பளமும் அதே பல்கலைக்கழகம் கொடுப்பதால், அலுவலகம் ஆண்டுக்கு ஆண்டு சிறிய அறைக்கு மாறிக்கொண்டே வந்தது. அப்போது அது இருந்த அறையில் பழைய துடைப்பங்களின் வாசனை மிச்சமிருந்தது. சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றின் கீழே ‘இந்தப் பக்கம்’ என்றும் மற்றதன் கீழே ‘அந்தப் பக்கம்’ என்றும் எழுதியிருந்தது. இரண்டாவது கடிகாரம் ஓடவில்லை. அதற்குப் பேட்டரி வாங்க பிரிஸ்பேனிலிருந்து அனுமதி வரவேண்டும்.

அலுவலகத்தை நடத்தியவள் ஐரீன் கவனா. குரலை உயர்த்தத் தெரியாதவள்; உயர்த்தவேண்டிய அவசியமும் அவளுக்கு வந்ததில்லை. உதவிக்கு இருந்தவர் நெவ் ப்ராட். முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, முட்டி தேய்ந்த பிறகு சட்டம் படிக்க வந்தவர். வழக்கு என்று யாராவது வாசலில் நின்றால் போதும், சாவிச் சத்தம் கேட்ட நாய்போல எழுந்துவிடுவார்.

அந்தப் புதன்கிழமை காலையில் வாசலில் நின்றவள் லோசேலி ஹவேயா. தோங்காத் தீவிலிருந்து செவிலியர் படிப்புக்கு வந்தவள், கடைசிப் பருவம்.

“வெள்ளிக்கிழமை விசாரணை, மிஸ் ஐரீன். நான் வினாத்தாளைத் திருடினேன்னு சொல்றாங்க.”

“திருடினியா?”

“இல்லை.”

“சரி, உக்காரு. நடந்ததை மட்டும் சொல்லு. அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். டிஷ்யூ பெட்டிக்கும் இன்னும் அனுமதி வரலை.”

லோசேலி சொன்னாள். மருந்தளவுக் கணக்குத் தேர்வின் வினாத்தாள், தேர்வுக்கு முன்பே போட்டோவாக மாணவர்களின் போன்களில் சுற்றியிருந்தது. பாடத்தை நடத்துகிற டாக்டர் க்ரெய்க் வார்ட்லோ அவள்மேல் புகார் கொடுத்துவிட்டார். தேர்வுக்கு முந்தின புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் தன் அறைக்குள் புகுந்து, மேசைமேல் இருந்த தாளைப் படமெடுத்தாள் என்று புகார்.

“அன்னைக்கு அந்த நேரத்துல அவர் ரூமுக்குப் போனியா?”

“போனேன். அவர்தான் வரச்சொன்னார். உள்ளேதான் இருந்தார். புகாரை வாபஸ் வாங்குன்னு திட்டினார்.”

“எந்தப் புகாரை?”

“அதுக்கு முந்தின மாசம் நான் அவர்மேல குடுத்தது. தீவுக்காரங்களுக்குக் கணக்கு வராது, அவங்க கையில ஊசியைக் குடுத்தா நோயாளிக்கு மாலை வாங்கி வச்சுக்கணும்னு வகுப்புல சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் புகார் எழுதினேன்.”

நெவ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அவர் ரூம்ல இருந்தார்னா வேலை முடிஞ்சுது. அவர் முன்னாடியே எப்படிப் படம் எடுக்கறது?”

“பன்னிரண்டு மணிக்குக் கிளப்புல இருந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கார். நான் ரூமைவிட்டு வெளியே வந்ததை ரிசப்ஷன்ல இருக்கறவங்க பார்த்திருக்காங்க. அவரைப் பார்க்கலை. அவர் எப்பவும் பின்படி வழியா வர்றவர்.” லோசேலி தலையைக் குனிந்தாள். “முதல் விசாரணையில, அவர் ரூம்ல இருந்தார்னா என்ன கலர் சட்டை போட்டிருந்தார்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலை. அதோட முடிச்சுட்டாங்க.”

“ஏன் தெரியலை?” என்றாள் ஐரீன்.

“எங்க ஊர்ல பெரியவங்க திட்டும்போது முகத்தைப் பார்க்க மாட்டோம். பார்த்தா எதிர்த்து நிக்கறதா அர்த்தம்.”

“அப்ப எதைப் பார்த்துட்டிருந்த?”

“மேசையை. ஒரு கறித்தட்டு இருந்துச்சு, பிளாஸ்டிக் சுத்தினது. ஆட்டுக்கறி, சாஸேஜ் எல்லாம் இருந்துச்சு. அதுலேர்ந்து ரத்தத்தண்ணி வடிஞ்சு என்னோட ரிப்போர்ட்டை நனைச்சுட்டிருந்துச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

நெவ்வின் முகம் தொங்கிப்போனது. “ஐயோ. அந்தத் தட்டு கிளப்புக் குலுக்கல்ல அவருக்குப் பரிசா விழுந்தது. விழுந்ததே பன்னிரண்டு மணிக்குத்தான். ஊரே பார்த்துச்சு. கிளப்புல இருந்த தட்டு அதே நேரத்துல இவர் மேசையில எப்படி இருக்கும்? யாரோ சொல்லக் கேட்டு ஜோடிக்கறான்னு கமிட்டி சொல்லிடும்.”

ஐரீன் அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். யாரோ மடியில் வைத்துப் படமெடுத்த வினாத்தாள். ஓரத்தில் தாளைப் பிடித்திருந்த கை. விரல்முட்டி வரைக்கும் இழுத்துவிட்ட தடித்த கம்பளிச் சட்டை. கையின் நிறம்கூடத் தெரியவில்லை. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“நெவ், அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க,” என்றாள். பிறகு லோசேலியிடம், “படிப்பைவிட்டு நீக்கினா?”

“விசா போயிடும்.” என்றாள் லோசேலி. “பட்டமளிப்பு விருந்துக்கு அப்பா பன்றிகளை ஒதுக்கி வச்சுட்டார். இனிமே அதுங்களுக்குப் பேர்வைக்கக் கூடாதுன்னு தம்பிக்கு உத்தரவு.”

அவளை அனுப்பிவிட்டு இருவரும் கிளம்பியபோது, ஓடுகிற கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. தெருவைக் கடந்தார்கள். கிளப்பில் டாட் என்கிற கிழவி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக் கறித்தட்டுக் குலுக்கலில் சீட்டெடுத்து எண்ணைக் கூவுவது அவள்தான்.

“மதியக் கறி ரோஸ்ட் இருக்கா டாட்?” என்றார் நெவ்.

“கிச்சன் ஒரு மணிக்கு மூடியாச்சு, கண்ணு. இவ்வளவு நாள் இங்க குப்பை கொட்டியும் உனக்கு உறைக்கலை பாரு.”

“எப்பவும் இதே கதை,” என்று நெவ் சலித்துக்கொண்டு வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கிப் பிரித்தார்.

“போன வாரம் வார்ட்லோவுக்குத் தட்டு விழுந்துச்சில்ல,” என்றாள் ஐரீன். “எப்ப?”

“பன்னிரண்டு மணிக்கு. பார் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நான் மணியே அடிப்பேன். நாப்பது வருஷமா ஒரு நிமிஷம் பிசகினதில்லை. ஒருதடவை என் புருஷன் நெஞ்சுவலின்னு சாய்ஞ்சப்பக்கூட, குலுக்கி முடிச்சுட்டுத்தான் ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன். அவருக்கும் அதுல வருத்தமில்லை, அந்த வாரம் அவர் சீட்டுக்குத்தான் விழுந்துச்சு.”

“வார்ட்லோ அப்புறம் என்ன பண்ணினார்?”

“ரோஸ்ட் சாப்பிட்டார், ரெண்டு பியர். கிச்சன் மூடறதுக்கு முன்னாடியே தட்டைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார். காலேஜ் ஃபிரிட்ஜில வைக்கணுமாம், இல்லைன்னா வெயில்ல கெட்டுடுமாம்.”

வெளியே வந்ததும் நெவ் சொன்னார்: “அவர் சொன்னது அப்படியே சரியா இருக்கு ஐரீன். பன்னிரண்டு மணிக்கு அவர் கிளப்புல. பொண்ணு பொய் சொல்றா.”

“உங்களுக்கு ஏன் இன்னைக்கு ரோஸ்ட் கிடைக்கலை, நெவ்?”

“லேட்டாப் போயிட்டோம்.”

“அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு ஐரீன் அவருடைய கடலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விசாரணைக் கமிட்டி பிரிஸ்பேனிலிருந்து திரையில் வந்தது. தலைவர் பேராசிரியர் ஹில்லரி ப்ளை. அவர் முகம் அடிக்கடி அப்படியே உறைந்துபோகும், உறைந்த முகத்துக்கும் ஓடுகிற முகத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மேசையின் ஒரு பக்கம் வார்ட்லோ. மறுபக்கம் லோசேலி, ஐரீன், நெவ். ஓரத்தில் டாட், பௌல்ஸ் ஆடுகிற வெள்ளை உடுப்போடு.

“டாக்டர் வார்ட்லோ,” என்று தொடங்கினாள் ஐரீன், “கிளப்புல இருந்ததா நீங்க எழுதிக் குடுத்ததுல ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதுக்கு முதல்ல நன்றி.”

வார்ட்லோ பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

“டாட், நீங்க தட்டைக் குலுக்கினப்ப மணி?”

“பன்னிரண்டு.”

“இப்ப உங்க கைக்கடிகாரத்துல மணி என்ன?”

“மூணு.”

“பேராசிரியர் ப்ளை, உங்க கடிகாரத்துல?”

“இரண்டு,” என்றார் பேராசிரியர். அந்த முகம் உறைந்தது. ஆனால் இந்தத் தடவை இணைப்பில் கோளாறு இல்லை.

“கோடையில தெருவுக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பாங்க, இந்தப் பக்கம் வைக்க மாட்டோம்,” என்றாள் ஐரீன். “பிரிஸ்பேன்ல இருக்கற உங்களுக்கு அது நினைவுல இருக்க வேண்டியதில்லை. எங்களுக்கோ அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால யாருமே சொல்லலை. டாட்டோட பன்னிரண்டு, நம்ம வளாகத்துல பதினொண்ணு. கிளப்புக் கிச்சன் ஒரு மணிக்கு மூடும், அதாவது நம்ம பன்னிரண்டுக்கு. அதுக்கு முன்னாடியே இவர் தட்டோட கிளம்பிட்டார். லோசேலி போனப்ப தட்டு இவர் மேசையில வடிஞ்சுட்டிருந்துச்சு. தட்டு தானா நடந்து வராது. தட்டு இருந்தா இவரும் இருந்தார்.”

நெவ் தன் நெற்றியில் அறைந்துகொண்டார். “முப்பது வருஷம் இந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டி பஸ் ஓட்டினவன் நான். புழங்கிப் புழங்கி எனக்கு உறைக்கவே இல்லையே.”

“சட்டையோட கலர் தெரியலைன்னு இவளைப் பொய்க்காரி ஆக்கினீங்க,” என்று ஐரீன் தொடர்ந்தாள். “மரியாதைக்காகக் குனிஞ்ச தலை அது. குனிஞ்சதாலதான் தட்டைப் பார்த்தா.”

“அப்ப அந்தப் போட்டோ?” என்றார் பேராசிரியர்.

“போட்டோவுல இருக்கற கையைப் பாருங்க. கம்பளிச் சட்டை. இங்க ஏசி செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கம்பளி போட்டா இந்தப் பொண்ணே நோயாளி ஆயிடுவா. அது ஜூன் மாசக் குளிர்ல எடுத்தது. போன பருவத்துத் தேர்வுத்தாளை யாரோ வெளியே கொண்டுபோய்ப் படமெடுத்திருக்காங்க. டாக்டர் வார்ட்லோ இந்தப் பருவத்துக்கும் ஒரு எழுத்து மாத்தாம அதையே குடுத்துட்டார். தாள் வெளியே வந்ததும், புதுசாத் தயார் பண்ணலைன்னு ஒத்துக்கணும், இல்லைன்னா ஒரு திருடி வேணும். தன்மேல புகார் குடுத்த பொண்ணு கைவசம் இருந்தா.”

எல்லாரும் வார்ட்லோவைப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை.

“பன்னிரண்டு மணின்னு சொன்னேன். எந்தப் பன்னிரண்டுன்னு யாரும் கேக்கலையே,” என்றார்.

கமிட்டி கொஞ்ச நேரம் திரையை அணைத்துக்கொண்டு கலந்து பேசியது. திரும்ப வந்து, போதிய ஆதாரம் இல்லாததால் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்றது. வார்ட்லோ பழைய வினாத்தாளையே மறுபடியும் கொடுத்தது ‘பணிச்சுமை சார்ந்த விஷயம்’ என்றது. லோசேலியின் பழைய புகார் மாணவர் நலக்குழுவுக்கு அனுப்பப்படும், புதிய ஆண்டிலிருந்து அதன் தலைவர் டாக்டர் வார்ட்லோ என்றது. பிறகு எல்லாருக்கும் நல்ல வார இறுதி அமைய வாழ்த்தியது.

“ஜெயிச்சுட்டோம்,” என்றார் நெவ்.

“இவ திருடலைன்னு அவங்க சொல்லலை, நெவ். திருடினதை நிரூபிக்க முடியலைன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தெரு இருக்கு.” ஐரீன் தன் பையை எடுத்துக்கொண்டாள். “இந்தப் பொண்ணு வாழ்க்கை பூரா அந்தத் தெருவுல நிப்பா.”

லோசேலி எழுந்தாள். வாசலுக்குப் போகாமல் வார்ட்லோவின் முன்னால் நின்று, தலையை நிமிர்த்தி, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவர்தான் முதலில் கண்ணைத் திருப்பினார்.

“நீலச் சட்டை,” என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

டிசம்பரில் அவளுடைய ஊரில் அந்தப் பன்றிகள் மண்ணடுப்பில் இறங்கின. அந்த வாசனை கடல் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. தெருவின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் வந்தது. எங்கள் ஊரில் அப்படி வந்த ஒரே விஷயம் அதுதான். நானும் முகர்ந்தேன். நாரைகள்கூடத் தலையைத் தூக்கின.

ஐரீனின் அலுவலகம் அந்த நவம்பருக்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டுவிட்டது. லோசேலி அந்த வெள்ளிக்கிழமை விசாரணைக்குத் தனியாகத்தான் போனாள்; எந்தப் பன்னிரண்டு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.