மூத்தவளுக்கு வைத்த பெயர்

ஐலர்ட்டின் சமையலறையில் அன்று நான்கு பேர். ஜன்னலோரம் ஓய்வுபெற்ற தபால் ஆய்வாளர் ஐலர்ட். எதிரே ஃபோல்க்வர்டினா. அவளுக்குப் பக்கத்தில் அவள் அப்பா ஹார்ம், கடலணையில் வேலை பார்ப்பவர். கதவருகே, பையைக்கூட இறக்காமல், தபால்காரி ஓக்கா.

“எனக்கும் ட்யார்க்குக்கும் அடுத்த மாசம் கல்யாணம், ஐயா. அவரோட காகிதமெல்லாம் தீவிலிருந்து இன்னைக்குத்தான் வந்துச்சு. செத்துப்போன அவங்கப்பா பேரு ஃபோல்க்வர்ட். எனக்கும் அதே பேரு எப்படி வந்துச்சு?” என்றாள் ஃபோல்க்வர்டினா.

“ஊரைக் காக்கிறவள்னு அர்த்தம். ரொம்பப் பழசு. இந்தக் கரையில வேற யாருக்கும் கிடையாது,” என்றார் ஐலர்ட்.

“கேக்க நல்லா இருந்துச்சு, வச்சேன்,” என்றார் ஹார்ம். முதல் கோப்பைத் தேநீர் முடிந்ததுமே கரண்டியை அதற்குள் போட்டுவிட்டார். இனி வேண்டாம் என்று பொருள். மூன்று கோப்பைக்கு முன்னால் அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை.

“கேக்க நல்லா இருக்குன்னு நம்ம ஊர்ல நாய்க்குத்தான் பேரு வைப்பாங்க,” என்றாள் ஓக்கா.

ஐலர்ட் கரண்டியையே பார்த்தார். “உன் தங்கச்சி பேரு?”

“கேஸ்கே. அப்பாவோட அம்மா பேரு.”

“அந்தப் பேரு மூத்த மகளுக்குப் போகணும். ஹார்ம் ரெண்டாவதுக்குல்ல குடுத்திருக்கார். அவருக்கு அவதான் மூத்தவ.”

“அப்ப இவ?” என்றாள் ஓக்கா.

“பிள்ளை பொறக்கு முன்னாடி அப்பன் போயிட்டா, பொண்ணா இருந்தாலும் கடைசியில ‘இனா’ சேர்த்து அவன் பேரைத்தான் வைப்போம். ட்யார்க் அப்பா எப்பம்மா போனார்?”

“அக்டோபர் இருபத்திநாலு. படகோட மூழ்கிட்டார்.” அவள் குரல் இறங்கியது. “நான் பொறந்தது அதுக்கு அடுத்த பிப்ரவரி.”

ஹார்ம் தலை நிமிரவில்லை. “உங்கம்மா அந்த வருசம் தீவு விடுதியில வேலை பார்த்தா. என்னைக் கட்டிக்கிறப்போ அந்த ஒரு பேரை மட்டும் கேட்டா, குடுத்தேன். வேற எதுவும் அவ சொல்லல, நானும் கேக்கல. ட்யார்க் அவரு மகன்னு காகிதத்தைப் பார்த்தப்புறம்தான்...”

ஃபோல்க்வர்டினா தாள் கேட்டாள். துறைமுகத்தில் காத்திருக்கும் ட்யார்க்குக்கு நடந்ததை ஆறு வரியில் எழுதினாள். முடிவில் ‘உன்’ என்று எழுதி, அடித்துவிட்டு, பெயரை மட்டும் முழுதாகப் போட்டாள்.

பிறகு ஹார்மின் கோப்பையிலிருந்து கரண்டியை எடுத்துவிட்டு, கற்கண்டு போட்டு, தேநீர் ஊற்றினாள்.

“குடிங்கப்பா.”

ஓக்கா உறையை ஒட்டிப் பையில் வைத்தாள். எப்போதும் அடிக்கும் சைக்கிள் மணியை அடிக்காமல் போனாள்.