எலியா சாரின் கடைசிப் பக்கம்

எல்லை தாண்டியதும் கேரளத்தில் வரும் பாறசாலையில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இரண்டு கடைகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் சரோஜம் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுகிறார். மற்றதில் அகிலேஷ் ஜெராக்ஸ் எடுக்கிறான். சரோஜத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்திரங்களில் கள்ளக் கையெழுத்தையும், புதுத் தாளில் தேயிலைத் தண்ணீர் தடவிப் பழசாக்கிய தந்திரத்தையும் பிடித்துப் பிடித்தே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. ஊரில் எது காணாமல் போனாலும் போலீசுக்கு முன்னால் அவரிடம் வருவார்கள். அகிலேஷுக்கு முப்பத்தொன்பது. தட்டச்சு செய்யும் ஷீனாவின் தலையில் கடையைக் கட்டிவிட்டு, அக்காவின் பின்னால் துப்பறிய ஓடுவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இந்த ஒரு வழக்கில் மட்டும் அவனுக்கு ஓடக் கால் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சொட்டும் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு ரத்னபாய் உள்ளே வந்தார். அவருடைய கணவர் எலியா சார் காலமாகிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர் எலியா சார். ஓய்வு பெற்ற பிறகு பதினைந்து வருஷமாக அவருக்கு ஒரே வேலைதான். ஆங்கில வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பொருள், புழக்கம், அது பிறந்த கதை எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். சிறு வயதில் மார்த்தாண்டத்தில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மனசுக்குள்ளிருந்து எதை எழுதினாலும் தமிழில்தான் வரும். எழுதியதை வாராவாரம் தட்டச்சுக்காகத் தன் பழைய மாணவன் அகிலேஷின் கையில் கொடுப்பார்.

"சரோஜம், அவருக்க கடைசி நோட்டைக் காணல்ல" என்றார் ரத்னபாய். "பச்சை அட்டை போட்டது. தொண்டையில குழாய் போட்ட பிறகு பேச்சு இல்லியே. ஆஸ்பத்திரியில எல்லாம் அந்த நோட்டுலதான் எழுதிக் காட்டுவாரு. போறதுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பக்கத்துல ஏதோ எழுதினாருன்னு நர்ஸ் சொல்லுதா. அது எனக்கு வேணும். கடைசியா என்ன எழுதினாருன்னு தெரியாம எனக்கு உறக்கம் இல்ல."

எழுத்து எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகப் பழைய நோட்டு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். சரோஜம் அதைப் புரட்டி, 'ரீட்' என்ற சொல் இருந்த பக்கத்தை உரக்க வாசித்தார்.

"'வாசித்தல் என்று நாம் அறிந்த இந்தச் சொல்லுக்கு ஆதியில் அந்தப் பொருள் இல்லை. ஆலோசனை சொல்லுதல், ஊகித்தல், விடுகதையை அவிழ்த்தல் என்பவையே பழைய பொருள்கள். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான சொல்லுக்கு இன்றும் ஊகித்தல் என்று பொருள் உண்டு. எழுத்து என்ற புதுமையைக் கண்ட பழைய ஆங்கிலேயர், அதையும் அவிழ்க்க வேண்டிய ஒரு புதிராகத்தான் பார்த்திருக்க வேண்டும்.'"

"அப்படியா அக்கா!" அகிலேஷ் வாயைப் பிளந்தான். "நம்ம துப்பறியுத வேலைக்கும் அதுதான் பேரா? கொள்ளாமே, நல்லா இருக்கே!"

சரோஜம் அவனை ஒருமுறை பார்த்தார். மீதிப் பக்கத்தை மனதுக்குள் வாசித்துவிட்டு, நோட்டை மூடி மேசை இழுப்பறையில் வைத்தார்.

"அன்னைக்கு மத்தியானம் கூட இருந்தது யாரு?"

"ஞான்தான் அக்கா" என்றான் அகிலேஷ். "அம்மா குளிச்சு உடுப்பு மாத்தட்டும்னு வீட்டுக்கு அனுப்பினேன். சார் எழுதிக் காட்டினாரு. புஸ்தகத்துல ஏதோ திருத்தமாக்கும். வாசிச்சிட்டு, செரி சார்னு சொல்லி நோட்டைப் பையில வச்சேன். பையை வீட்டுக்குக் கொண்டுபோனது ஜித்தின். அவன்கிட்ட ஒண்ணு கேட்டுப் பாக்கலாம்."

பச்சைப் பொய். நோட்டு அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், டோனர் டப்பாக்களுக்குப் பின்னால், தாள்கட்டு சுற்றிவந்த காகிதத்துக்குள் கிடந்தது. சார் போன அன்று காலையிலேயே அகிலேஷ் அதைப் பையிலிருந்து எடுத்துவிட்டான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு வந்தாலே அவனுக்குச் சோறு இறங்காது. இப்போது பாவம், ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் ஜித்தினையும் இதில் இழுத்துவிட்டாயிற்று. ரத்னபாயின் தங்கை மகன் அவன்; அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே ஒத்தாசையும் அவன்தான். தன் நாக்கை அறுத்தால் என்ன என்று அகிலேஷுக்குத் தோன்றியது.

அன்று மத்தியானமே சரோஜமும் அகிலேஷும் ஸ்கூட்டரில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸ் பின்சிக்கு எல்லாம் நன்றாக நினைவிருந்தது.

"எழுத அரை மணிக்கூர் எடுத்தாரு. கை நடுங்குனது. எழுதி முடிச்சு இந்தச் சேட்டன்கிட்ட நீட்டினாரு. சேட்டன் பாத்துட்டுத் தலையாட்டினாரு. உடனே சாருக்க முகத்துல ஒரு தெளிச்சம். அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துட்டுக் கிடந்தாரு."

"வாசலையா?"

"ஆமா மேடம். யாரோ வரப்போறது மாதிரி."

அகிலேஷ் சட்டென்று போனை எடுத்து, வராத அழைப்பு ஒன்றுக்குப் பதில் சொல்லியபடி வெளியே போய்விட்டான்.

திரும்பும் வழியில் ஜித்தினைப் பார்த்தார்கள். கேள்வி முடிவதற்குள் அவன் முகம் கறுத்துவிட்டது. "பெரியம்மாவே என்னைச் சந்தேகப்பட்டாச்சா? எனக்க வீட்டைச் சோதிச்சுக்கோங்க அக்கா. பையைத் திறக்காம அப்படியே கொண்டு குடுத்தேன்" என்றான். அகிலேஷ் ஆட்டோவின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடித்திருந்தால்கூட அவனுக்கு இத்தனை வலித்திருக்காது.

புதன்கிழமை காலை சரோஜம் அவனிடம் ஒரு பழைய தமிழ் ஆதாரத்தைக் கொடுத்தார். களியக்காவிளைப் பக்கத்துச் சொத்து, ஆறு தாள், பக்க எண் இல்லாதது. ஷீனா அன்று விடுப்பு. அவனே ஜெராக்ஸ் எடுத்து, அடுக்கி, பின் அடித்துக் கொடுத்தான். சரோஜம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

மூன்று மணிக்கு அவனைக் கூப்பிட்டார். கடையில் வேறு யாருமில்லை.

"எலே அகிலேஷே, நாலு மணிக்கு ரத்னபாய் வாறாங்க. எல்லாத்தையும் இன்னைக்கு முடிச்சிரணும்" என்று சொல்லி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். "இதை வாசி. அதுபோல செய்யணும்."

அகிலேஷ் காகிதத்தை வாங்கினான். இரண்டு வரி. வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அதைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

"செரி அக்கா. ஞான் பாத்துக்கிடுறேன்." மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

சரோஜம் காத்திருந்தார்.

"செய்யல்லியா?"

"செய்வேன் அக்கா."

"என்ன செய்வ?"

அகிலேஷ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

"'இதை வாசித்த உடனே, என் கண் முன்னாலேயே கிழித்துப் போடு'ன்னு எழுதியிருக்கேன் மக்கா. நீ மடிச்சுப் பையில வச்சே." சரோஜத்தின் குரல் உயரவே இல்லை. "உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இல்லியா?"

வீட்டில் பேசுவது தமிழ். சண்டை போடுவது தமிழ். அம்மை செத்தபோது அழுததும் தமிழில்தான். ஆனால் தனுவச்சபுரத்தில் படித்ததெல்லாம் மலையாளம் மீடியம். மலையாளம் வாசிப்பான், இங்கிலீஷ் வாசிப்பான். எல்லைக்கு இந்தப் பக்கம் அவனைப் போல ஆயிரம் பேர் உண்டு. அவர்கள் எல்லோரும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவன் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"எப்படி அக்கா கண்டுபிடிச்சிய?"

"நேத்து அந்த 'ரீட்' பக்கத்தை நான் வாசிச்சப்ப நீ வாயப் பொளந்தே. அந்த எழுத்தையெல்லாம் சார்ட்ட வாங்கி ஷீனாகிட்ட டைப்புக்குக் குடுத்தது நீ. ஒவ்வொரு வாரமும் வாசிச்சேன் சார்னு சொன்னதும் நீ. வாசிச்சவனுக்கு அது புதுசா இருக்காது. அங்கதான் சந்தேகம். இன்னைக்கு அந்த ஆதாரம். மூணாம் தாளும் நாலாம் தாளும் இடம் மாறிக் கிடக்குது, அஞ்சாவது தலைகீழ். மலையாள ஆதாரத்துல நீ இந்தப் பத்து வருஷத்துல ஒரு தாள் மாத்தி அடுக்கினதில்ல."

"அதை வச்சு ஞான் நோட்டை எடுத்தேன்னு எப்படி..."

"சார் எழுதி நீட்டுறாரு, நீ தலையாட்டுற, அவருக்கு முகம் தெளியுது, வாசலைப் பாக்குறாரு. புஸ்தகத்துல திருத்தம் எழுதினவரு எதுக்கு வாசலைப் பாக்கணும்? அவரு யாரையோ கூப்பிட்டிருக்காரு. அது உனக்குத் தெரியல்ல. பிறகு அவரு போனாரு; வாசலைப் பாத்துட்டே கிடந்ததை நீயும் பாத்தவன்தானே, பயந்துட்ட. விஷயம் தெரிஞ்ச ஆளா இருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டிருப்பான். என்னன்னு தெரியாதவன்தான் எரிக்கவும் முடியாம, காட்டவும் முடியாம ஒளிச்சு வைப்பான். நோட்டு பத்திரமா உன்கிட்ட இருக்குன்னு எனக்கு அதுலதான் உறுதியாச்சு."

"முதல் தடவை சும்மா சொன்னது அக்கா" என்றான் அகிலேஷ். "சார் அவ்வளவு ஆசையா கேட்டாரு, எப்படி இருக்கு அகிலேஷேன்னு. கொள்ளாம் சார், முழுசும் வாசிச்சேன்னு சொன்னேன். அவருக்க சந்தோஷத்தைப் பாக்கணுமே. அப்புறம் எந்த வாரம் உண்மையைச் சொல்லுறது? ஆறு வருஷம் ஓடிப்போச்சு. அன்னைக்கு ஒரு போட்டோ எடுத்து ஷீனாவுக்கு அனுப்பியிருந்தா ஒரு நிமிஷத்துல வாசிச்சுச் சொல்லியிருப்பா. புஸ்தக விஷயமாத்தான் இருக்கும்னு ஞானே நெனச்சுக்கிட்டேன்."

"ஊகிச்ச. அவ்வளவுதான்." சரோஜம் எழுந்தார். "போய் நோட்டை எடுத்துட்டு வா. நான் வாசிச்சுச் சொல்லமாட்டேன். அது எனக்கு எழுதினது இல்ல. அந்த அம்மா வரட்டும்."

அந்த ஒரு மணி நேரம் அகிலேஷ் பச்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் இரைந்துகொண்டு பஸ் ஏறினார்கள். தன் கையிலிருப்பது என்ன என்று தெரியாமலே ஒரு மனுஷன் இருபது நாள் குற்றவாளியாக இருந்திருக்கிறான். இனித் தெரிந்துவிடும். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு ரத்னபாயும் ஜித்தினும் வந்தார்கள். ஜித்தின் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். சரோஜம் பேச வாயெடுப்பதற்குள் அகிலேஷ் எழுந்து, எல்லாவற்றையும் தானே சொன்னான். தெரியாததை, தலையாட்டியதை, திருடியதை, ஜித்தின்மேல் பழி போட்டதை, ஒன்று விடாமல்.

ரத்னபாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. மெதுவாக வாசித்தார்.

"'அகிலேஷ், ரத்னத்தை இப்போதே கூட்டிக்கொண்டு வா. காலை வரைக்கும் நான் தாங்கமாட்டேன். பேச்சு வராது, பரவாயில்லை. அவள் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தால் போதும்.'"

பக்கத்தில் இன்னும் பாதி வெறுமையாக இருந்தது. அதையும் சிறிது நேரம் பார்த்தார்.

"அன்னைக்கு ஆறு மணிக்கு உனக்குப் போன் போட்டேன்" என்றார். "வரட்டா மக்கான்னு கேட்டேன். நல்ல மழை, சார் சுகமா இருக்காரு, காலையில வந்தா போதும்னு சொன்னே."

"சொன்னேன் அம்மா."

"கடைசியில கையைப் பிடிக்க யாரு இருந்தா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவனை மறுத்துப் பேச யாருமில்லை. அந்த அம்மாவுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"யாரும் இல்ல அம்மா. ஞான் வெளிய பெஞ்சுல போன் பாத்துட்டு இருந்தேன்."

ஜித்தின் ஒரு அடி முன்னால் வந்தான். ரத்னபாய் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மக்கா. அவரு வாத்தியாரு. நாற்பது வருஷம் தெரியாதுன்னு சொன்ன பிள்ளையளைத்தானே பாத்தாரு. அதுக்கா கோவப்படுவாரு?" அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சரோஜம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை.

அழுது முடித்துவிட்டு ரத்னபாய் பழைய நோட்டைக் கேட்டார். சரோஜம் இழுப்பறையைத் திறக்கச் சற்றுத் தயங்கினார். பிறகு எடுத்துக் கொடுத்தார். ரத்னபாய் 'ரீட்' பக்கத்தைப் பிரித்து அகிலேஷின் முன்னால் வைத்து, அடியில் ஒரு இடத்தில் விரலை ஊன்றினார்.

"ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் இங்கிலீஷ்ல எழுதுவாரு. இது உனக்கு வாசிக்கத் தெரியும். வாசி."

பக்கம் முழுக்கத் தமிழுக்கு நடுவில், அவனால் வாசிக்க முடிந்த வரி அது ஒன்றுதான். எலியா சாரின் உருண்டையான இங்கிலீஷ் எழுத்து. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பார்த்த அதே எழுத்து. இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அகிலேஷ் வாசித்திருக்கிறான் என்று அதில் எழுதியிருந்தது.

அகிலேஷ் பாதி வரிக்கு மேல் வாய்விட்டு வாசிக்க முடியாமல் நின்றான்.

"பதினாலு நோட்டு உண்டு" என்றார் ரத்னபாய். "நாளையில இருந்து சாயங்காலம் வீட்டுக்கு வா. நான் வாசிப்பேன், நீ இருந்து கேக்கணும். ஒரு பக்கம் விடக்கூடாது. அவருக்க புஸ்தகத்துல ஒரு பொய் இருக்கக்கூடாது, அதுக்காக்கும். உன்னை மன்னிச்சேன்னு நெனச்சுக்கிடாத. அது எனக்கு இன்னும் தெரியல்ல. வருவியா?"

அகிலேஷின் தலை வழக்கம்போல ஆடப் போனது. அதை நிறுத்திக்கொண்டு, வாயைத் திறந்து சொன்னான்.

"வாறேன் அம்மா."